பொது அறிவு: எங்கே, எப்போது, எப்படித் தெரியும்?

உலகிலேயே மிகப் பெரிய விலங்கு எது? நீலத் திமிங்கிலம். எகிப்தில் ரொசெட்டா கல் கிடைத்த ஆண்டு? 1799. அலெக்சாந்தர் இறந்த ஊர்? பாபிலோன். இப்படி நூறு கேள்வி பதில்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அடுத்த மாதம் பார்த்தால் முக்கால்வாசி மறந்திருக்கும். மீதி இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். அந்தக் கல் கிடைத்ததால் என்ன ஆயிற்று என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காட்டுயிர்கள், பழங்கால மக்கள், வரலாற்றில் பேர் பெற்ற மனிதர்கள் என்ற மூன்றையும் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றும் மூன்று பாடங்கள் போலத் தெரிந்தாலும் படிக்கிற முறை ஒன்றுதான். எந்தத் தகவல் கண்ணில் பட்டாலும் எங்கே, எப்போது, எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழக வேண்டும். முதல் இரண்டு கேள்விகளைப் பலரும் கேட்கிறார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மூன்றிலும் சுவையான கேள்வி.

முதல் படி: ஒரு வெற்று உலக வரைபடம்

நாடுகளின் எல்லைக்கோடு மட்டும் இருக்கிற ஓர் உலக வரைபடத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற ஒவ்வொரு விலங்கையும் ஊரையும் அதில் குறிக்க வேண்டும். வேறு சாதனம் ஏதும் தேவையில்லை.

விலங்குகளில் ஆரம்பிப்பது சுலபம். புலி ஆசியாவில் மட்டும் வாழ்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. சிங்கம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே காட்டுச் சிங்கம் உள்ள ஒரே இடம் குஜராத்தின் கிர் பகுதி. பனிக்கரடி வட துருவத்தைச் சுற்றி மட்டும். பெங்குவின் தென் பாதியில். அதிலும் ஓர் இனம் நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள கலாபகோஸ் தீவுகளில் வெயிலில் வாழ்கிறது. பனிக்கரடியும் பெங்குவினும் அடுத்தடுத்து நிற்கிற படங்கள் எத்தனையோ விளம்பரங்களில் வருகின்றன. இயற்கையில் அவை சந்தித்துக்கொள்ள வழியே இல்லை.

புள்ளிகள் சேரச் சேர வரைபடமே கேள்வி கேட்கத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் இத்தனை வகைப் பைம்மாக்கள் (கங்காரு போல் குட்டியைப் பையில் சுமப்பவை)? குரங்குகளுக்கு உறவான லெமூர்கள் ஏன் மடகாஸ்கரில் மட்டும்? விடை நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது: அந்த நிலப்பகுதிகள் மற்றவற்றிலிருந்து பிரிந்து மிக நீண்ட காலம் தனியாகக் கிடந்தவை. 1856-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குப் படகில் போனார். இடையிலுள்ள நீரிணை சுமார் 35 கிலோமீட்டர் அகலந்தான். ஆனால் பாலியில் ஆசியப் பறவைகள், லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளிகள். காரணம், அந்த நீரிணை மிக ஆழமானது. பனியுகத்தில் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியபோது பாலி ஆசிய நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே அப்போதும் தண்ணீர் இருந்தது. பெரும்பாலான விலங்குகளால் அதைக் கடக்க முடியவில்லை. இன்றும் அந்தக் கோட்டுக்கு வாலஸ் பெயர்தான்.

இரண்டாம் படி: காலத்துக்கு மூன்று அளவுகோல்கள்

ஒரே காலக்கோட்டில் டைனோசரையும் நெப்போலியனையும் வைக்க முயன்றால் மனித வரலாறு முழுவதும் பேனாவின் முனைக்குள் அடங்கிவிடும். அதனால் மூன்று கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கோடு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு. பறவைகளைத் தவிர்த்த டைனோசர்கள் அழிந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். முதுகில் தகடு நிமிர்ந்த ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டிரன்னோசாரஸ் ரெக்ஸ் வந்தது கடைசிக் கட்டத்தில், 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதாவது டி. ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் காலத்தில் பக்கம். இரண்டும் சண்டை போடுகிற படத்தைப் பார்த்தால் இனிச் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கோடு ஆயிரம் ஆயிரமாக. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகளை வைத்து நம் மனித இனத்துக்குச் சுமார் 3 லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தக் கோட்டில்தான் எதிர்பாராத அண்டைவீட்டுக்காரர்கள் கிடைப்பார்கள். எகிப்தின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். ஆர்க்டிக் கடலிலுள்ள ராங்கல் தீவில் கடைசி மாமூத்கள் (மயிரடர்ந்த பழங்கால யானைகள்) அழிந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன். கூஃபு மன்னனின் அந்தப் பிரமிடு எழுந்து சில நூற்றாண்டுகள் ஆன பிறகும் எங்கோ ஒரு பனித் தீவில் மாமூத் மேய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கோடு வழக்கமான ஆண்டுகளுக்கு. இதில் மூன்று இடங்களில் எல்லோரும் இடறுவார்கள்.

கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டார் என்றால் இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 40 ஆண்டுகள். அடுத்தது நூற்றாண்டுக் கணக்கு. 18-ஆம் நூற்றாண்டு என்பது 1701 முதல் 1800 வரை. மூன்றாவது, பழைய நாள்காட்டி. நியூட்டன் பிறந்த நாளை ஒரு புத்தகம் 1642 டிசம்பர் 25 என்று சொல்லும், இன்னொன்று 1643 ஜனவரி 4 என்று சொல்லும். இரண்டும் சரி. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியிலேயே இருந்தது. இரண்டாவது தேதி இன்றைய கிரிகோரியன் கணக்கு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதற்கும் இதே காரணந்தான். தேதிகள் பத்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே இருந்தால் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

மூன்றாம் படி: விலங்குகளைக் கூர்ந்து பார்ப்பது

முதுகெலும்புள்ளவற்றை மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்தாகப் பிரிப்பது பள்ளியிலேயே வந்துவிடும். புதிதாகப் படிக்கிறவர் கவனம் வைக்க வேண்டியது எல்லையில் நிற்கிற உயிர்கள்மேல். திமிங்கிலமும் வௌவாலும் பாலூட்டிகள். வாத்தலகியும் எக்கிட்னாவும் முட்டையிடுகிற பாலூட்டிகள். டால்பினைப் பார்த்து மீன் என்று நினைத்தால் வாலைக் கவனியுங்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், டால்பின் மேலும் கீழும் அடிக்கும். நிலத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடிய முன்னோர்களின் முதுகெலும்பு அசைவு இன்னும் அதனிடம் இருக்கிறது.

அப்புறம், ஒன்றுபோல் தெரிகிறவற்றைப் பிரித்துப் பழகுங்கள். சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஜாகுவார் மூன்றும் புள்ளி போட்டவை. சிவிங்கிப்புலிக்கு நிறைந்த கறுப்புப் பொட்டுகள். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. சிறுத்தைக்குப் பொட்டுக்குப் பதில் பூப்போன்ற வளையங்கள். ஜாகுவாருக்கும் வளையங்கள்தான், ஆனால் பல வளையங்களுக்குள் சிறு புள்ளிகள் இருக்கும். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. கருஞ்சிறுத்தை என்று தனி இனம் இல்லை. நிறமி கூடிய சிறுத்தையோ ஜாகுவாரோதான் அது. யானையிலும் இப்படித்தான்: காது பெரிது என்றால் ஆப்பிரிக்கா. துதிக்கை நுனியில் ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு விரல் போன்ற நீட்சிகள், ஆசிய யானைக்கு ஒன்று.

எண்ணிக்கை, அழிவு அபாயம் பற்றிய தகவலை மட்டும் எப்போதும் ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் 1964 முதல் இருக்கிறது; அதில் ஓர் உயிரின் நிலை மாறிக்கொண்டே வரும். பெரும் பாண்டா 2016-இல் ஒரு படி பாதுகாப்பான நிலைக்கு நகர்ந்தது. ஆப்பிரிக்க யானையை 2021-இல்தான் சவானா யானை, காட்டு யானை என்று இரண்டு இனங்களாகப் பிரித்து மதிப்பிட்டார்கள். பழைய வினாவிடைப் புத்தகத்தில் யானையில் இரண்டு இனம் என்று இருந்தால் அது அச்சான காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம்.

நான்காம் படி: பழங்கால மக்களைப் பற்றி நமக்கு யார் சொன்னது?

பழங்கால நாகரிகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நதி, தலைநகர், கடவுள் என்று நிரப்புவதைத்தான் முதலில் எல்லோரும் செய்வார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் பட்டியலில் இன்னொரு கட்டம் போடுங்கள்: அவர்கள் எழுதியதை நம்மால் படிக்க முடிகிறதா?

இந்த ஒரு கட்டம் பல குழப்பங்களைத் தீர்க்கும். எகிப்தைப் பற்றி நமக்கு அரசர் பெயர்களும் கணக்கு வழக்குகளும் தெரிவது, அவர்கள் எழுத்தைப் படிக்க முடிவதால். ரொசெட்டா கல்லில் கி.மு. 196-ஆம் ஆண்டு ஆணை ஒன்று எகிப்தியச் சித்திர எழுத்து, எகிப்தின் சாமானிய எழுத்தான டெமோட்டிக், கிரேக்கம் என மூன்றிலும் பொறிக்கப்பட்டிருந்தது. கிரேக்கம் தெரிந்த மொழி. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை நோக்கிப் போக முடிந்தது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். அந்தத் திறவு கிடைத்ததால்தான் 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்கள் இன்று நமக்குப் பேசுகின்றன. மெரெர் என்ற கண்காணிப்பாளர் தன் ஆட்களோடு துரா என்ற இடத்துச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக அவற்றில் எழுதி வைத்திருக்கிறார். பெரிய பிரமிடு எழுந்துகொண்டிருந்த காலத்து வேலைக் குறிப்பு! வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று சொல்கிறவரிடம் அதிகம் வாதாட வேண்டாம். மெரெரின் படகு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று சொன்னால் போதும்.

சிந்துவெளி இதற்கு நேர்மாறு. ஹரப்பா, மொஹஞ்சதாரோ போன்ற நகரங்கள் கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்தன. நேரான தெருக்கள், கழிவுநீர்க் கால்வாய்கள், ஒரே அளவுத் திட்டத்தில் அமைந்த எடைக்கற்கள் எல்லாம் தெரியும். எழுத்தை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி யாரும் இன்னும் படிக்கவில்லை. கிடைத்தவை பெரும்பாலும் ஐந்தாறு குறிகள் கொண்ட குறும்பொறிப்புகள். ரொசெட்டா கல் மாதிரி இருமொழிப் பொறிப்பு எதுவும் அகப்படவில்லை. அதனால் அங்கே ஆண்ட ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. சிந்து எழுத்தைப் படித்துவிட்டோம் என்ற செய்தி அடிக்கடி வரும். அதைப் பார்த்தால், மற்ற ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று ஒரு வரி தேடுங்கள்.

எழுத்தே இல்லாமலும் பெரிய அரசு நடத்தலாம் என்பதற்குத் தென் அமெரிக்காவின் இன்காக்கள் சாட்சி; கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் பத்தடிமானத்தில் கணக்கு வைத்தார்கள். எழுத்துக்கும் முன்பே, சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன், துருக்கியின் கொபெக்லி தெபெயில் வேட்டையாடி உணவு சேகரித்த மக்கள் பெரிய கல்தூண்களை நட்டு அவற்றில் நரி, பாம்பு, தேள், கழுகு எல்லாம் செதுக்கினார்கள்.

பழங்கால மக்கள் என்றதும் 'மர்மமாக மறைந்தார்கள்' என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மாயா மக்கள் மறையவில்லை. தெற்குத் தாழ்நில நகரங்கள் 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் கைவிடப்பட்டன, அவ்வளவுதான். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பல லட்சம் மாயா மக்கள் இன்றும் தங்கள் மொழிகளைப் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். அதேபோல் மெக்சிகோவின் ஆஸ்டெக்குகளையும் இன்காக்களையும் எகிப்தியரோடு சேர்த்து ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஆஸ்டெக் தலைநகர் ஸ்பானியர் வசம் விழுந்தது 1521-இல். நம் மூன்றாவது காலக்கோட்டில் அது நமக்கு நன்றாகப் பக்கத்தில் வரும்.

ஐந்தாம் படி: மனிதர்கள்

ஒருவருடைய பிறந்த தேதியும் இறந்த தேதியும் தேவைதான். ஆனால் அதைவிட முன்னால் கேட்க வேண்டியது: இவரைப் பற்றி முதலில் எழுதியவர் யார், எத்தனை வருடம் கழித்து?

அலெக்சாந்தர் கி.மு. 323-இல் பாபிலோனில் 32 வயதில் இறந்தார். கூடவே போன தளபதிகள் சிலர் எழுதினார்கள்; அந்த நூல்கள் முழுமையாக மிஞ்சவில்லை. இன்று நம்பகமானது என்று எடுத்துக்கொள்ளப்படும் விரிவான வரலாறு கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதியது. அவர் வாழ்ந்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, நானூறு வருடத்துக்கும் மேல் கழித்து. அவர் பழைய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்றாலும், அலெக்சாந்தர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் வருகிற அழகான வசனங்களை கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளவும்.

அசோகர் கதை வேறு. அவர் தன் பேச்சைத் தானே கல்லில் வெட்டினார். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அவருடைய 13-ஆம் பாறைக் கட்டளையே சொல்கிறது. பிராமி எழுத்தை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் படித்தபோது கல்வெட்டுகளில் இருந்த பெயர் 'தேவனாம்பிய பியதசி'. அந்தப் பியதசிதான் அசோகர் என்று இலங்கையின் பாலி மொழி நூல்களை வைத்துப் பொருத்தினார்கள். அசோகர் என்ற பெயரே பொறித்த கல்வெட்டு கர்நாடகத்தின் மஸ்கியில் கிடைத்தது 1915-இல். ஒரு பேரரசரின் பெயரை உறுதி செய்ய இத்தனை படிகள்.

நெப்போலியன் குள்ளம் என்பது பொது அறிவில் நிரந்தர இடம் பிடித்துவிட்ட பொய். அவர் உயரம் பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம். பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரிது. கணக்குப் போட்டால் சுமார் 168 சென்டிமீட்டர் வரும். அவர் காலத்து ஆண்களுக்கு அது சாதாரண உயரம். ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர்கள் மிச்ச வேலையைச் செய்தார்கள்.

ஆறாம் படி: ஒரே நூலில் கோப்பது

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு விலங்கை வைத்துச் செய்து பார்ப்போம். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே? இன்று பெரும்பாலும் அசாமில், குறிப்பாகக் காசிரங்காவில். அப்புறம் நேபாளத்தின் சித்வான். மொத்தம் சுமார் 4,000. வரைபடத்தில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். இப்போது பின்னால் போங்கள். சிந்துவெளி முத்திரைகளில் இதே விலங்கு, தோல் மடிப்புகளோடு, தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நேரில் பார்க்காத கை அப்படிச் செதுக்காது. அதாவது நாலாயிரம் வருடத்துக்கு முன் மேற்கே சிந்துப் பக்கம்வரை அது இருந்திருக்கிறது. அப்புறம் பாபர். முகலாய அரசை நிறுவிய அவர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பெஷாவர் பக்கத்தில் காண்டாமிருகம் வேட்டையாடியதை எழுதியிருக்கிறார். ஆக, 500 வருடத்துக்கு முன்புகூட அது அங்கே இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஓரிரு நூறு மட்டுமே மிஞ்சின. 1905-இல் காசிரங்காவைக் காப்புக்காடாக்கும் வேலை தொடங்கியது. முத்திரை, அரசர், காப்புக்காடு மூன்றையும் வரைபடத்தில் வரிசையாக வைத்தால் ஓர் உயிரினம் கிழக்கே ஒதுங்கிய பாதை கண்முன் வரும். தனித்தனியே படித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இதே விலங்குக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குப் பரிசாகக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ரோமர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா பார்த்திராத விலங்கு. யாரோ ஒருவர் பார்த்து எழுதிய குறிப்பும் ஒரு கோட்டுப்படமும் நியூரம்பர்க் நகருக்குப் போயின. அங்கே ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஓவியர் அதை வைத்து ஒரு மரச்செதுக்குப் படம் செய்தார். அவர் காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை. படத்தில் தோல் இரும்புக் கவசம் மாதிரி தகடு தகடாக இருக்கும், கால்களில் செதில், தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. அச்சுக்கலையின் வேகத்தில் அது எங்கும் பரவியது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புத்தகங்கள் அதைப் பார்த்தே படம் போட்டன. அந்த நிஜ விலங்கைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்கி, சங்கிலியில் கட்டுண்டிருந்த அது இறந்துபோனது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளாரா என்ற காண்டாமிருகம் ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் படங்கள் திருந்தத் தொடங்கின.

இப்போது புரியும். பத்து இடங்களில் ஒரே தகவல் இருப்பது பத்து ஆதாரம் ஆகாது. பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்கலாம். சிந்துவெளிச் சிற்பி பார்த்துச் செய்தார். டியூரர் கேட்டுச் செய்தார். டியூரர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தும் சிற்பியின் சிறிய முத்திரைதான் விலங்கை நமக்குச் சரியாகக் காட்டுகிறது.

மூன்று துறைகளும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதும் உண்டு. அசோகரின் ஐந்தாம் தூண் கட்டளையைப் பாருங்கள். முடிசூடி 26 ஆண்டுகள் ஆன நிலையில் கொல்லக்கூடாத உயிர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்: கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் என்று நீளும். சில பெயர்கள் எந்த உயிரைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஏழாம் படி: எழுதி வைப்பதும் சரிபார்ப்பதும்

ஒரு தகவலுக்கு ஒரு சிறு அட்டை போதும். மேலே தகவல். கீழே மூன்று வரிகள். உதாரணத்துக்கு: 'லாஸ்கோ குகை ஓவியங்கள். எங்கே: தென்மேற்கு பிரான்ஸ். எப்போது: சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன், கண்டுபிடித்தது 1940. எப்படித் தெரியும்: குகையில் கிடைத்த கரித்துண்டு முதலியவற்றின் காலக்கணிப்பு.' பின்பக்கத்தில் இதோடு தொடர்புள்ள இன்னோர் அட்டையின் பெயர். லாஸ்கோவில் வரைந்திருக்கிற பெரிய காட்டு மாடு ஆரக்ஸ். நம் வீட்டு மாடுகளின் மூதாதை. கடைசி ஆரக்ஸ் போலந்துக் காட்டில் இறந்தது 1627-இல். ஆக, அட்டையின் பின்னால் 'ஆரக்ஸ்' என்று எழுதுங்கள். தொடர்பே இல்லாத அட்டையைத் தனியாக வையுங்கள். ஒரு நாள் அதற்கும் ஜோடி கிடைக்கும்.

அட்டைகளை மறுபடி மறுபடி வாசிப்பதில் பெரிய பயன் இல்லை. மேல் வரியை மட்டும் பார்த்து, கீழே உள்ள மூன்றையும் மனசிலிருந்து சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டுத் திருப்புங்கள். முதலில் மறுநாள், அப்புறம் சில நாள் விட்டு, அப்புறம் சில வாரம் விட்டு.

'எப்படித் தெரியும்' வரி காலியாகவே இருந்தால் அந்தத் தகவலைச் சந்தேகத்தில் வையுங்கள். ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்பார்கள், இருப்பது கொழுப்பு. நெருப்புக்கோழி மண்ணுக்குள் தலையைப் புதைக்கும் என்பார்கள். குழிக்கூட்டில் இருக்கும் முட்டையைப் புரட்டக் குனிவதும், மேய்வதும், ஆபத்தில் தரையோடு படுத்துக்கொள்வதும் தூரத்திலிருந்து அப்படித் தெரிந்திருக்கலாம். லெம்மிங்குகள் என்ற வட துருவப் பக்கத்துச் சிறு எலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதைக் கண்ணாலேயே பார்த்தோம் என்கிறவர்கள் பார்த்தது 1958-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில். அந்தக் காட்சி செயற்கையாக அமைத்தது. பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பு இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அது 19-ஆம் நூற்றாண்டு மேடை உடை. இதெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது யார் பார்த்தார்கள் என்பதுதான்.

தேடும்போது ஒரு சின்ன உத்தி: விலங்கென்றால் அறிவியல் பெயரால் தேடுங்கள். புலிக்கு பாந்தெரா டைகிரிஸ் என்பதுபோல், எந்த மொழியில் எழுதினாலும் அந்தப் பெயர் மாறாது. வட்டாரப் பெயர்களால் வருகிற குழப்பம் போய்விடும். பழம்பொருள் என்றால் அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் தளத்துக்கே போங்கள். ரொசெட்டா கல்லுக்கு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டத்தூணுக்குப் பாரிஸின் லூவர். கிடைத்த இடம், ஆண்டு, பொருள் எல்லாம் அங்கே ஒரே பக்கத்தில் இருக்கும். செயலிகளில் சுற்றுகிற படங்களுக்கு இந்த மரியாதையெல்லாம் தேவையில்லை. எடுத்தவர் பெயரும் இடமும் இல்லாத படத்தை அட்டையில் ஏற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு மூன்று நூல்முனைகள் தருகிறேன். பிடித்ததை இழுத்துப் பாருங்கள்.

1414-இல் சீனப் பேரரசர் யோங்லேயின் அவைக்கு வங்காளத்திலிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தது. சீனர்கள் அதைப் புராண விலங்கான கிலின் என்று கொண்டாடினார்கள். வங்காளத்தில் ஒட்டகச்சிவிங்கி கிடையாதே, அங்கே அது எப்படி வந்தது? இந்தியப் பெருங்கடல் வணிகமும் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெயின் கப்பல்களும் இந்த நூலில் வரும்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு விலங்குகள்மேல் தீராத ஆர்வம். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு டோடோ ஓவியம் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டோடோ மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்து 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவை. நேரில் பார்த்து வண்ணத்தில் வரைந்த படங்கள் மிகக் குறைவு என்பதால் இந்த ஓவியம் இன்று விலங்கியலுக்கே ஒரு சான்று.

கார்த்தேஜின் தளபதி ஹானிபால் கி.மு. 218-இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்தபோது அவரிடம் 37 யானைகள் இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். கார்த்தேஜ் இருந்தது இன்றைய துனிசியாவில். வட ஆப்பிரிக்காவில் இப்போது ஒரு காட்டு யானைகூட இல்லை. அப்படியானால் அந்த யானைகள் எங்கிருந்து வந்தன, எந்த வகை, எப்போது அங்கிருந்து மறைந்தன? வெற்று வரைபடத்தில் துனிசியாவைக் குறித்துவிட்டு முதல் அட்டையை இதிலிருந்து எழுதத் தொடங்கலாம்.